சாமி சேவலைத் தர மாட்டேன் என்றேன்

போன வருஷம் மாசிச் சிவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்த சமயம் நடந்தது இது. பரளச்சி பக்கம் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. சிவராத்திரி என்றால் எங்கள் ஆட்களுக்குக் குலசாமி கும்பிடுகிற நாள். சென்னை, திருப்பூர் என்று எங்கே பிழைக்கப் போயிருந்தாலும் பங்காளிகள் அத்தனை பேரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். நேர்ந்துவிட்ட சேவலைக் கோயிலில் அறுத்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, மிச்சக் கறியைத் தூக்குவாளியில் போட்டு அவரவர் ஊருக்கு எடுத்துப் போவார்கள்.

என் வீட்டிலும் ஒரு சேவல் இருந்தது. மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது. அவள் பிழைத்து எழுந்துவிட்டாள். சேவலும் நன்றாகக் கொழுத்து, வீட்டில் எனக்கில்லாத அதிகாரத்தோடு திரிந்தது. அதுதான் ஒரு நாள் காலையில் கழுத்தைத் தொங்கப் போட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீடுகளில் அதற்கு முன்பே கோழிகள் செத்து விழ ஆரம்பித்திருந்தன.

கோழி தூங்கி விழுந்தால் அன்றைக்கே குழம்பு வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சாமி சேவல் என்றால் இன்னும் அவசரம். நேர்ந்துவிட்டது தானாகச் செத்தால் சாமி குத்தம் என்பார்கள். என் மாமனாரின் தம்பிதான் கோயில் காரியமெல்லாம் பார்க்கிறவர். சின்ன மாமா என்று கூப்பிடுவேன். ஊரில் சோர்ந்துபோன நேர்த்திச் சேவல்களை மறுநாளே கோயிலில் அறுத்து, கறியைப் பங்கு போட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்தார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணம், கொஞ்ச நாள் முன்னால்தான் மகளிர் குழு சார்பாக அருப்புக்கோட்டையில் பறவைக் காய்ச்சல் பயிற்சிக்குப் போய்வந்திருந்தேன். பல நாடுகள் சேர்ந்து நடத்துகிற திட்டம். உண்மையைச் சொன்னால் பாதி நேரம் கொட்டாவிதான். தலையிலிருந்து கால் வரை மூடுகிற வெள்ளை உடுப்பு ஒன்றை நம் ஊர் வெயிலில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். போட்ட அக்காவுக்கு மயக்கமே வந்துவிட்டது. ஆனால் வியட்நாமிலிருந்து வந்திருந்த கால்நடை டாக்டரம்மா ஒருவர் பேசியதை மட்டும் காது கொடுத்துக் கேட்டேன். அவர் வீட்டிலும் வாத்து வளர்த்தார்களாம். நோய் வந்தபோது ஒன்று விடாமல் கொன்று புதைத்தார்களாம். நோய் இருந்தால் அறுக்கிற கையோடும் ரத்தத்தோடும் கூடையோடும் அது ஊர் ஊராகப் போகும் என்றார். நான் எழுந்து, கோழி சாகிறது என்று முதலில் சொல்கிறவளை ஊர் சும்மா விடுமா என்று கேட்டேன். ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். தமிழில் மாற்றிச் சொன்னவர் வழியாக வந்த பதில் இதுதான்: "விடாது. எங்க ஊர்லயும் விடல. திட்டத்தான் செய்வாங்க. இருந்தாலும் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். போனில் கேட்டதற்கு, ஊரோடு ஒத்துப் போ என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்து அரசாங்கக் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன்.

மத்தியானமே அதே வெள்ளை உடுப்பில் வந்து இறங்கினார். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. சேவலின் தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, செத்த கோழிகளோடு ஐஸ் பெட்டியில் வைத்தார். அந்தப் பெட்டியும் குச்சியும் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அதே திட்டத்தில் வந்தவைதானாம். வடக்கே ஒரு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பப் போவதாகவும், முடிவு வரும்வரை ஒரு கோழியைக்கூட அறுக்கவோ ஊரைவிட்டுக் கொண்டுபோகவோ கூடாது என்றும் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜீப் போனதும் சின்ன மாமா பங்காளிகளோடு என் வாசலில் வந்து நின்றார். நான் கூட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ஏத்தா, எவளோ வெளிநாட்டுக்காரி பேச்சக் கேட்டுக்கிட்டு சாமி காரியத்துல கை வைக்கிற. சேவல் தானா செத்தா குத்தம் ஒம்புள்ளைய சும்மா விடுமா?"

பிள்ளையை இழுத்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எம்புள்ளைக்காக நேந்த சேவல் மாமா. குத்தம் வந்தா எனக்கு வரட்டும். நம்ம கண்மாய்க்கு வருசா வருசம் வெளிநாட்டுப் பறவை வருது, அத யாரும் வெரட்டல. அங்கிட்டிருந்து ஒரு பொம்பள வந்து புத்தி சொன்னா மட்டும் கசக்குதாக்கும். இந்தக் கறிய வாளியில போட்டு எத்தன ஊருக்குக் குடுத்து விடுவீக? சேவல நான் தர மாட்டேன்."

இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இனிமேல் என் வீட்டுக் கோயில் வரியை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். வரி வாங்கவில்லை என்றால் பங்காளியே இல்லை என்று அர்த்தம். ஆனாலும் டாக்டர் திரும்ப வந்துவிடுவாரோ என்ற பயத்தில் மற்ற வீட்டுச் சேவல்களும் போகவில்லை.

மறுநாள் என் சேவல் செத்தது. பயிற்சியில் சொன்னபடி கையில் உறை போட்டு, ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன். ஒருவரும் கூட வரவில்லை. அழுதுகொண்டேதான் மண்ணைத் தள்ளினேன். அந்தச் சிவராத்திரிக்குச் சர்க்கரைப் பொங்கலோடு சரி. கோயிலில் எனக்கு மட்டும் திருநீற்றுத் தட்டு வரவில்லை. நானே போய் எடுத்துப் பூசிக்கொண்டேன்.

கடைசியில் ஆய்வக முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை, கோழிகளுக்கு வழக்கமாக வருகிற வெள்ளைக்கழிச்சல் நோய்தான் என்றார்கள். அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. எனக்குக் 'காய்ச்சக்காரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்குச் சாமி காரியத்தைக் கெடுத்தவள் நான். இல்லை என்று யாருக்கு முன்கூட்டியே தெரியும்? பஞ்சை எடுத்து அவ்வளவு தூரம் அனுப்பியதால்தானே தெரிந்தது. குத்தம் குத்தம் என்றார்களே, என் மகள் தினமும் துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிறாள்.

இந்த வருஷமும் என் வீட்டு வரியை வாங்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றால், காய்ச்சக்காரி நிற்கிறாள் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாளைக்கே இன்னொரு கோழி கழுத்தைத் தொங்கப் போட்டாலும் நான் போன் போடத்தான் செய்வேன். அதுவும் ஒன்றுமில்லை என்று ஆகி, இதே ஜனம் மறுபடி என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் அந்தச் சாமியிடம் என் வேண்டுதல்.