கட்டைவிரல் வரை ஒரு நரம்பு

எங்கள் வீட்டுக் கதவோரம் இடது கால் பூட்ஸ் ஒன்று மட்டும் கிடக்கிறது. ஜோடியில் மற்றதை அம்மா எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாள். இதை எடுக்க விடாதவன் நான்.

அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியை வாரி மறுபடி பெல்ட்டில் போடும் வேலை. பர்மனென்ட்காரர் ஒருவர் கொடுத்த பூட்ஸ் அது, இரண்டு சைஸ் பெரியது. நுனியில் பழைய லுங்கித் துணியைச் சுருட்டித் திணித்துப் போட்டுக்கொள்வார். அவருக்குச் சர்க்கரை இருந்தது. பாதம் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் நானும் அம்மாவும் அந்தப் பூட்ஸைத்தான் திட்டினோம்.

எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் சத்தம் போட்டுத்தான் படிப்பேன். ஒரு சாயங்காலம் நரம்பு செல் பாடம். தூண்டல் பட்டதும் செல்லின் சவ்வில் வாசல்கள் திறக்கின்றன, வெளியே இருக்கும் சோடியம் உள்ளே பாய்கிறது, அங்கே மாறுகிற மின்னழுத்தம் அடுத்த வாசலைத் திறக்கிறது, இப்படியே செய்தி நார் நெடுக ஓடுகிறது, நார் முடியும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி, அங்கே ஒரு வேதிப்பொருள் சுரந்து அடுத்த செல்லை எழுப்புகிறது என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா தரையில் உட்கார்ந்து இடது பாதத்தைத் தேய்த்தபடி கேட்டார்.

“கால் கட்டவெரல்லேர்ந்து முதுகெலும்பு வரைக்கும் ஒரே செல்லாடா?”

“ஆமாம்ப்பா, ஒரே செல்லோட நார்தான்.”

“அப்ப எங்க பெல்ட்டு ஓரமா போவுதே கயிறு, அது மாரின்னு சொல்லு. எங்க இழுத்தாலும் பெல்ட்டு நின்னுடும்.”

“அது கயிறு, இது செல்லு. வேற வேறப்பா.”

கட்டைவிரலை அமுக்கிப் பார்த்தார். “செரி, அந்தக் கயிறு நடுவுல கெட்டுப்போச்சின்னா? இழுத்தாலும் தெரியாதே?”

“அதெல்லாம் பரீட்சைக்கு வராதுப்பா.”

“புள்ளைய படிக்க வுடேன்யா, நீயா போயி எழுதப் போற?” என்று அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். “நீங்க படிங்க சார்” என்று அப்பாவும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். தன் காலைப் பற்றித்தான் அவர் கேட்டார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

பரீட்சை முடிந்த வாரம், வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றினார். உள்ளிருந்து சின்ன நட்டு ஒன்று உருண்டு விழுந்தது. இடது பாதத்தில் ரத்தம். ஷிப்ட் முழுக்க அதை மிதித்துக்கொண்டே நின்றிருக்கிறார். “இது எப்படா உள்ள பூந்துது?” என்றார், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல. புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

சர்க்கரையில் முதலில் கெடுவது நீளமான நரம்புகள்தான் என்று பிசியோதெரபி படிக்கப் போன பிறகு தெரிந்துகொண்டேன். இப்போது மருத்துவ முகாம்களுக்கு வருகிறவர்களின் பாதத்தில் மெல்லிய நைலான் இழையை வைத்து, “கண்ண மூடிக்குங்க, படுதா சொல்லுங்க” என்று கேட்கிறேன். “படலீங்க” என்று யாராவது சொன்னால், எவ்வளவு நாளாக என்று உடனே கேட்டுவிடுகிறேன். முன்பின் தெரியாதவர்களிடம் அது எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது!

போன ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, இல்லாத காலின் பக்கம் கையை நீட்டினார். “கட்டவெரலு அரிக்குதுடா.” நரம்பின் அறுந்த முனை இன்னும் செய்தி அனுப்பும், மூளையும் கால் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும் என்று நிதானமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

“இருந்தப்ப ஒண்ணுமே சொல்லல. போனப்பறம் வந்து சொல்லுது பாரு.” பிறகு என்னைப் பார்த்தார். “இது பரீட்சைக்கு வருமா சார்?”

குத்திக்காட்டும் வழக்கம் அவருக்கு இல்லை, விளையாட்டாகத்தான் கேட்டார். நான் எழுந்து கதவோரம் போய் அந்தப் பூட்ஸை எடுத்து உள்ளே கையை விட்டேன். நுனியில் லுங்கித் துணி இன்னும் சுருண்டு கிடந்தது. அந்த நட்டு கிடந்த நாள் காலையில் நான் ஒரு தரம் இப்படிக் கையை விட்டுப் பார்த்திருக்கலாம்.