ராணுவ வண்டி கதவும் நான் ஊத்துன ஒரு சொம்பு தண்ணியும்

பழைய பச்சை பெயின்ட் கருகுற நாத்தம் இருக்கே... மூக்குல ஏறிச்சின்னா ரெண்டு நாளைக்கு சோறு எறங்காது. மலை மேல கரியாலூர்ல காலையில குளிரு தாங்காம, ஸ்வெட்டர் மேல எங்க வூட்டுக்காரரு சட்டைய மாட்டிக்கினு நான் இரும்பு தேய்க்கிற கிரைண்டர் புடிச்சிக்கினு இருக்கேன். இருபது வருஷம் ஆவுதுப்பா.

அப்போ தான் கள்ளக்குறிச்சியில சொந்தமா வெல்டிங் பட்டறை போட்ட புதுசு. பட்டறைன்னா பெருசா நெனச்சிக்காதீங்க. ஒரு தகர ஷெட்டு, ஒரு மிஷினு, அவரு, நானு. அவரு வெல்டு வெப்பாரு, நான் ராடு எடுத்துக் குடுப்பேன், கிரைண்டிங் அடிப்பேன்.

அவரு மொதல்ல வேலை செஞ்ச பட்டறை மொதலாளி, "ஆறு மாசத்துல திரும்பி என்கிட்டயே வருவ பாரு"ன்னு சொல்லித் தான் அனுப்புனாரு. அது இவரு மனசுல குத்திக்கினே இருந்திச்சி.

அந்த நேரத்துல தான் கரியாலூர் எஸ்டேட் ஓனர் ஒருத்தரு வந்தாரு. ரிசார்ட் தொறக்கப் போறாராம். வாசல்ல நிறுத்த ஏலத்துல ஒரு பழைய ராணுவ கவச வண்டி எடுத்து வெச்சிருக்காரு. குண்டு தொளைக்காத தகடு. ஆனா ஒரு கதவோட மூலை துருப்புடிச்சி, கீல் பக்கம் பிச்சிக்கினு தொங்குது.

"கரும்பு டிரெய்லரே ஒட்டுறோம், இது இன்னாங்க பெரிய விஷயம்"னு நான் தான் வாய விட்டேன்.

போயி பாத்தா, ரம்பம் வெச்சா வழுக்கிக்கினு போவுது. அவ்ளோ கெட்டி. அப்பவே யோசிச்சிருக்கணும்... யோசிக்கல.

எங்க ஊரு பழக்கம் ஒண்ணு சொல்றேன். கரும்பு சீசன்ல லோடோட டிரெய்லர் ஒடஞ்சி வரும். மில்லு வாசல்ல லைன்ல எடம் போயிடும்னு டிரைவர் குதிப்பான். வெல்டு வெச்ச கையோட ஒரு சொம்பு தண்ணி ஊத்துவோம். சொய்ய்ங்... ஆறிடிச்சி, ரைட்டு, கெளம்பு.

அதே கையி தான் இங்கயும். அவரு வெல்டு முடிச்சி கண்ணாடிய கழட்டுறதுக்குள்ள நான் ஊத்திட்டேன்.

டங்ங்.

வெல்டுக்குப் பக்கத்துல ஒரு சாண் நீளத்துக்கு தகடு வெடிச்சி நிக்குது.

சத்தம் கேட்டு ஓனர் ஓடியாந்தாரு. "இன்னா தம்பி இது? இந்த தகட்டுக்கு நான் எங்க போவேன்?"

என் கையில சொம்பு. இவரு முன்னாடி வந்து நின்னு, "என் கை தப்புங்க. நானே சரி பண்ணித் தரேன்"னுட்டாரு.

மலை எறங்குற பஸ்ல வந்துக்கினு இருந்தோம். கச்சிராயபாளையம் வந்தப்புறம் மெதுவா, "இது சரியாவலன்னா பட்டறைய மூடிட்டு பழைய எடத்துக்கே போயிடறேன் தேவி"ன்னாரு. அழுதுட்டேன் நான். திட்டியிருந்தா கூட பரவால்ல.

வெல்டிங் ராடு விக்கிற கடைக்காரரு நல்லா ரெண்டு திட்டு திட்டிட்டு தான் வழி சொன்னாரு. தகட்ட மொதல்ல சூடு பண்ணணும். ராடுல துளி ஈரம் இருக்கக் கூடாது, அடுப்புல காய வெச்சி சூடாவே எடுத்துக்கினு போவணும். ஒட்டுனப்புறம் மெதுவ்வா ஆறணும்.

ராடு காய வெக்கிற ஓவனுக்கு நாங்க எங்க போறது? பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரிக்குப் போயி நின்னேன். "பன்னுல இரும்பு வாசன வந்தா மொத்தத்தையும் நீயே வாங்கிக்கணும்"னு சொல்லிட்டு, பன்னு எடுத்த சூட்டோட ராட உள்ள வெச்சாரு பேக்கரிக்கார மகராசன்.

காஞ்ச ராட பால் கேன்ல போட்டு, மேல சாக்கு சுத்தி, பஸ் ஏறுனோம். கூடவே ரைஸ் மில்லுல வாங்குன உமி சாம்பல் ரெண்டு மூட்டை. கண்டக்டரு கேன தொட்டுட்டு, "இன்னாம்மா, பாலு காச்சியே எடுத்தாறியா?"ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னுட்டேன்.

அதுக்கு மொத நாளே போயி, வெடிச்ச எடத்த முழுக்க நான் கிரைண்டர்ல நோண்டி எடுத்திருந்தேன். அதுக்கே ஒரு பகலு. ராடோட போன அன்னிக்கு கதவ செங்கல் மேல படுக்க வெச்சி, கேஸ்ல சூடு காட்டி, கொஞ்சம் கொஞ்சமா வெல்டு வெச்சாரு. கடைசி ராடு முடிஞ்சதும் சூடு சட்டுனு எறங்காம இருக்க சாம்பல கொட்டி, மேல சாக்கு போட்டு மூடிட்டோம். அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் தொடக் கூடாது.

நான் அந்த சாம்பல் குவியல்கிட்ட போயி போயி காது வெச்சிக்கினு இருந்தேன். டங்குனு ஒரு சத்தம் வந்தா எங்க பட்டறை கத முடிஞ்சிது.

வரல.

மத்தியானம் சாம்பல தள்ளிட்டு சுத்தியால தட்டிப் பாத்தாரு. ஒரு கீறல் இல்ல. அப்படியே தரையில குந்திக்கினாரு. அப்புறம் கடைக்குப் போயி ஆறு பரோட்டா சாப்ட்டாரு மனுஷன்.

ரிசார்ட் தொறக்கறப்ப ஓனரு அந்த வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டுனாரு. தண்ணி ஊத்துனது நான்னு அவருக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. இத படிச்சா தெரிஞ்சிக்கட்டும்.

இப்போ பட்டறை பெருசாயிடிச்சி. எட்டு பேரு வேலை செய்யறாங்க. ராடு காய வெக்க தனி ஓவனே இருக்கு. அவரு கண்ணாடி ரூம்ல போனும் கையுமா, நான் பில்லிங் கம்ப்யூட்டர்ல. காலையில போனா சாயங்காலம் வரைக்கும் ரெண்டு வார்த்தை பேசுனா ஜாஸ்தி.

போன வாரம் சாப்புடறப்ப சும்மா கேட்டேன். "அன்னிக்கு ஏங்க என்னை காட்டிக் குடுக்கல?"

கொழம்பு ஊத்திக்கினே சொல்றாரு. "உன்ன சொல்லியிருந்தா அடுத்த நாள்ல இருந்து நீ பட்டறைக்கு வந்திருக்க மாட்ட. அப்புறம் யாரு பக்கத்துல நின்னு நான் வேலை செய்யறது?"

சாப்புட்டு கைய கழுவுன ஒடனே நான் போன எடுத்தேன்.

பில்லு போட ஒரு பொண்ண வரச் சொல்லியிருக்கேன், திங்கக்கெழம வருது. அவருகிட்ட இன்னும் சொல்லல. பழையபடி நான் கிரைண்டர் புடிச்சா, சத்தம் கேட்டு எட்டிப் பாப்பாரு இல்ல, பாக்கட்டும்.