தணல் வாங்கும் வரிசை

ஒரு கொட்டாங்கச்சித் தணலுக்காக ஒரு மனிதர்மேல் நாற்பது வருடம் பொறாமைப்பட்டவன் நான். பெண்ணுக்காகப் பட்டவர்கள் உண்டு, சொத்துக்காகப் பட்டவர்கள் உண்டு. அடுப்பு பற்றவைக்கிற நெருப்புக்காகப் பட்ட முட்டாள் பினாங்கிலேயே நான் ஒருவன்தான்.

எனக்கு ஈயம் உருக்கும் ஆலையில் வேலை. ஜப்பான்காரன் வந்தான், உலை அணைந்தது. கொஞ்ச நாளில் கடைகளில் தீப்பெட்டியும் காணாமல் போயிற்று. அத்தனை பெரிய உலையை ஆண்டவர்கள், மரவள்ளிக்கிழங்கு அவிக்க ஆளுக்கொரு கொட்டாங்கச்சியோடு, நாங்களெல்லாம் அக்கா என்று கூப்பிட்ட ஒருவர் வீட்டு வாசலில் வரிசை கட்டினோம். எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீடு அவருடையது. கணவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். தேங்காய் மட்டையைச் சாம்பலில் புதைத்து, அடுப்பை அணையவிடாமல் காத்தவர் அக்கா ஒருவர்தான்.

ஆலையில் கணக்கு எழுதிய கிராணியாரும் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் உடுத்தியதும் கோணிச்சாக்கு, அவர் உடுத்தியதும் கோணிச்சாக்கு. அவர் மட்டும் அதற்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். எத்தனை தாமதமாக வந்தாலும், "வாங்க கிராணியாரே" என்று அவருக்குத்தான் முதல் தணல். நான் விடியுமுன்னே வந்து நின்றாலும், "தம்பி, நீ இரு" என்பார் அக்கா. எல்லாரும் போன பிறகுதான் எனக்கு. அப்போதும் உடனே கொடுக்க மாட்டார். "நல்லதாப் பார்த்துத் தரேன்" என்று சாம்பலைக் கிளறிக்கொண்டே இருப்பார். நானோ வாய் சும்மா இராதவன். காவலுக்கு நின்ற ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணக்கம் வைப்பதாக நினைத்து, பக்கத்து விளக்குக் கம்பத்துக்குக் குனிந்து கன்னத்தில் அறை வாங்கிய கதையை நடித்துக் காட்டுவேன். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். வீட்டில் என் அம்மா கிழங்கோடு காத்திருப்பது நினைவுக்கு வரும்போது தணல் கிடைக்கும்.

இப்போது எங்கள் வாசகசாலை மலருக்காக ஆலை வட்டாரத்தின் ஜப்பான் காலத்தை எழுதும் வேலையை எனக்கும் கிராணியாருக்கும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். விடுமா பொறாமை? சுங்கை பினாங்கு வட்டாரத்தில் எந்த வீட்டுப் படி ஏறினாலும் அவருக்குக் கோப்பியும் கதையும் கிடைக்கிறது. எனக்குக் கோப்பி மட்டும். அவருடைய ஒலிநாடாக்களில் ஊரே பேசுகிறது. என்னுடையதைப் போட்டுக் கேட்ட செயலாளர், "அண்ணே, நீங்க பேட்டி எடுக்கப் போனீங்களா, குடுக்கப் போனீங்களா?" என்றார். நாடா முழுக்க நானே பேசி, நானே சிரித்திருந்தேன்.

கிராணியார் எழுதியதை வாங்கிப் பிழை தேடினேன். ஒன்று அகப்பட்டது. லைனில் இருந்த பலரிடமும் கேட்டதாகச் சொல்லி, 'அந்த வருடங்களில், தணல் கொடுத்த அந்த அம்மையார் சிரித்து எவரும் பார்த்ததில்லை' என்று எழுதியிருந்தார். சந்தோஷம் தாங்கவில்லை. நான்தான் தினமும் பார்த்தேனே. பென்சிலால் அதை அடித்துவிட்டு, என் பங்குக்கு, 'நெருப்புக் கொடுப்பதிலும் பதவி பார்க்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதினேன். அச்சுக்குப் போகுமுன் சம்பந்தப்பட்டவரிடம் காட்டுவதுதான் முறை என்று அக்கா இப்போது இருக்கும் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கு எடுத்துப் போனேன்.

அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. நான்தான் வாசித்தேன், என் வரியைக் கொஞ்சம் அழுத்தியே. அவர் எழுந்துபோய் கேஸ் அடுப்பைத் திருகினார். 'டக்' என்று நீலமாகப் பற்றிக்கொண்டது. வரிசையும் இல்லை, சாம்பலும் இல்லை. இவ்வளவுதானா நெருப்பு என்றிருந்தது. அந்தக் கொட்டாங்கச்சி இன்னும் கையில் இருப்பதுபோல சமையலறை வாசலோரம் நின்றே கேட்டேன்: "ஏங்கா, தினமும் என்னை மட்டும் கடைசியில நிக்க வச்சீங்க?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"பின்னால ஆளு நின்னா உன்னை எப்படிப்பா பேச விடுறது?"