மூன்று முறை உட்காரச் சொன்னவர்

இங்கிலீஷில் மூன்று வேண்டும் என்றுதான் ரேணுகாதேவி அக்கா கேட்டார்.

"ஒண்ணு போதாதாக்கா?" என்றேன்.

"ஒண்ண வச்சிகினு இன்னா பண்றது? முதல் வாட்டி சொன்னதும் யாருனா உக்காருவாங்களா? மூணு குடு. மூணும் வேற வேறயா இருக்கணும். சொன்னதையே சொல்லிகினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

ஒருவரை மரியாதையாக உட்காரச் சொல்ல இங்கிலீஷில் மூன்று வாக்கியங்கள். அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டிலிருந்து வந்திருந்தார். நான் ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. துபாயில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் நான்கு வருஷம், அதன்பின் சுற்றுலாக் கப்பலில் அதே வேலையில் இரண்டு வருஷம், பிறகு எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் தங்காமல் ஒரு சுற்று. ஆரணியில் அடுத்த விசாவுக்குக் காத்திருந்தேன். பொழுது போகாமல் இருந்த எனக்கு அவர் நோட்டோடு வந்தது பிடித்திருந்தது.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. வீட்டின் முன்அறைதான் அவருடைய கடை. தரையில் ஜமக்காளம், அதன்மேல் சலவை வேட்டி, சுவரோரம் அலமாரி நிறைய பட்டுப்புடவை. உள்ளே தம்பி சந்திரமோகன் பார்க்கும் நான்கு தறிகள். வேலூர், வந்தவாசி, சென்னையிலிருந்து கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காரில் வருபவர்கள் நேராக இந்த முன்அறைக்குத்தான் வருவார்கள். வருபவர் உட்காரும்வரை அக்கா ஒரு புடவையைக்கூடப் பிரிக்க மாட்டார்.

"நின்னுகினு பாக்கிறவங்க கண்ணு இழை எங்க விட்டிருக்கு, ஜரிகை எங்க பிசிறுதுன்னு பாக்கும். அதே ஆளை உக்கார வச்சி மடியில புடவைய போட்டுப் பாரு. கையால தடவுவாங்க. அப்புறம் பொண்ணுக்கு எடுக்க வந்தவங்க தனக்கும் ஒண்ணு எடுப்பாங்க."

அதனால் உட்கார வைப்பதுதான் அவருடைய தொழிலே. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. முதல் தடவை "உக்காருங்க" என்றால், வந்தவர் "இருக்கட்டுங்க, பரவாயில்ல" என்பார். இரண்டாம் தடவை, "இல்லங்க, ஜல்தியா கெளம்பணும்." மூன்றாம் தடவை சொன்னபிறகுதான் உட்காருவார். முதல் தடவையே உட்கார்ந்துவிட்டால் அலைகிறார் என்று ஆகிவிடும். மூன்றாம் தடவை சொல்லாவிட்டால், வீட்டுக்காரருக்கு மனசில்லை என்று ஆகிவிடும்.

இந்தக் கணக்கு அக்காவின் வாழ்க்கையிலேயே ஒரு தடவை விளையாடியிருக்கிறது. இருபது வயதில் தெள்ளாருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். நான்காம் வருஷம் புருஷன் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து, அம்மா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு, பெட்டியோடு தெள்ளாருக்குத் திரும்பியிருக்கிறார். மாமியார் கதவைத் திறந்து, "உக்காரு" என்றாராம். இவர், "இருக்கட்டும் அத்தை" என்றாராம்.

"அவ்ளோதான். அப்புறம் அந்தம்மா உள்ள போயி அரிசி பொடைக்க ஆரம்பிச்சிட்டாங்க. ரெண்டாவது வாட்டி சொல்வாங்கன்னு பெட்டிய கையில புடிச்சிகினே நின்னேன். சொல்லல. எனக்குப் புரிஞ்சிபோச்சி. அடுத்த பஸ்ல ஆரணி வந்துட்டேன்." இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்போது சந்திரமோகனுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவும் படுத்துவிட்டார். தம்பி தறியைப் பார்க்க, அக்கா விற்க, இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. தம்பிக்குக் கல்யாணம் செய்து, அவர் மகள் ஜெயப்ரியாவைக் கல்லூரிவரை கொண்டுவந்து விட்டாயிற்று. இப்போது வேலூர் ரோட்டில் தம்பி ஷோரூம் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா. "வாசலண்ட முதல் நாற்காலி உனக்குக்கா. வர்றவங்கள நீதான் உக்கார வைக்கணும்" என்று சொல்லியிருந்தார். சோபாவின் நிறத்தைக்கூட அக்காவைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஷோரூம் என்றால் கனடா, சிங்கப்பூர் என்று தமிழ் தெரியாத பிள்ளைகளெல்லாம் வருவார்கள். நோட்டும் பேனாவும் அதற்காகத்தான்.

நான் மூன்று எழுதிக் கொடுத்தேன். ப்ளீஸ் சிட் டவுன். ப்ளீஸ் ஹேவ் எ சீட். டூ மேக் யுவர்செல்ஃப் கம்ஃபர்ட்டபிள். மூன்றாவதை நாக்கு பழகுவதற்கு அவருக்கு ஆறு நாள் ஆயிற்று. அடுப்பிடம் சொன்னார், அலமாரியிடம் சொன்னார், பால்காரரிடம் சொன்னார். "இன்னாக்கா, பேஜாரா இருக்குது, பாலை வாங்கு" என்று அவர் ஓடினார்.

இங்கிலீஷ் பேசுபவர்களிடம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை ஒரே தடவை சொன்னால் போதும், உட்கார்ந்துவிடுவார்கள். இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. ஆறு வருஷம் வரவேற்பில் நின்ற எனக்குத் தெரியாததல்ல. சொல்லியிருந்தால் அரை நிமிஷ வேலை. ஆனால் அவர் மூன்றையும் வரிசையாகச் சொல்லும்போது பார்க்க நன்றாக இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் முதல் வெளிநாட்டு ஆள் வந்தார். டொரன்டோவில் வேலை பார்க்கும் வேலூர்ப் பெண் ஒருத்தி, கட்டிக்கொள்ளப்போகும் கனடாக்காரரை அழைத்துக்கொண்டு வந்தாள். ஆறடிக்கு மேல் உயரம். நானும் அங்கே இருந்தேன்.

அக்கா கைகூப்பி, "ப்ளீஸ் சிட் டவுன்" என்றார். அவர் உடனே ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா ஒரு கணம் திகைத்தார். ஆனால் முறை முறைதானே. "ப்ளீஸ் ஹேவ் எ சீட்" என்றார்.

அந்த மனிதர் தவறான இடத்தில் உட்கார்ந்துவிட்டோமோ என்று பதறி எழுந்து, இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்.

"டூ மேக் யுவர்செல்ஃப் கம்ஃபர்ட்டபிள்."

அவர் மறுபடி எழுந்தார். காலை மடக்குவதா நீட்டுவதா என்று தெரியாமல், கடைசியில் சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. ஏழு புடவை விற்றார்.

அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போன இடத்தில், எங்கள் வீட்டை ஒட்டிய சந்திரமோகன் வீட்டு மாடியில் ஜெயப்ரியா நின்றிருந்தாள். அவளிடம் நான் இதைச் சொன்னேன், இங்கிலீஷில் ஒரு தடவையே போதும் என்பதையும் சேர்த்து. சொன்னதோடு விடவில்லை, நடித்துக் காட்டினேன். அக்கா மாதிரி கைகூப்பி, தலையைச் சாய்த்து, மூன்றும் சொல்லி, நடுவில் அந்த ஆள் எழுந்து எழுந்து உட்கார்ந்ததையும் செய்தேன். ஜெயப்ரியா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

"அய்யோ, அத்தைய வீடியோ எடுக்கணும் தீபாக்கா. செம காமெடி."

"எடேன்" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து பெங்களூரிலிருந்து தமிழ் தெரியாத ஒரு குடும்பம் வந்தபோது ஜெயப்ரியா போனோடு அலமாரி ஓரம் நின்றாள். ஷோரூம் விளம்பரத்துக்கு என்று அத்தையிடம் சொல்லியிருந்தாள். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, போனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மூன்றையும் சொன்னார். அந்த வீட்டு ஐயாவும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஜெயப்ரியா அதன்மேல் ஆட்கள் கூட்டமாகச் சிரிக்கும் சத்தத்தைச் சேர்த்து, அந்த ஐயா எழும்போதெல்லாம் 'டொய்ங்' என்று ஓர் ஒலியும் வைத்து ரீலாகப் போட்டுவிட்டாள். ஒரு வாரத்தில் நான்கு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். நானும் பார்த்தேன். சிவப்பு இதயம் ஒன்றும் போட்டேன்.

அக்காவிடம் இருந்தது பொத்தான் போன். பஸ் ஸ்டாண்டில் பெண்கள் அவரைப் பார்த்து, "டூ மேக் யுவர்செல்ஃப்" என்று கூவியபோது அவருக்கு ஒரே பெருமை.

"விளம்பரம் நல்லா போயிகினு இருக்குது போல. மூணாவத புடிச்சிகினாங்க பாத்தியா? அதான் கஷ்டமானது" என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஷோரூம் திறப்பு. அக்கா அரக்குக் கட்டம் போட்ட ஆரணிப் பட்டு கட்டிக்கொண்டு, அந்த நோட்டை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, எட்டு மணிக்கே போய்விட்டார். நான் பத்து மணிக்குப் போனேன். வாசலை ஒட்டிய முதல் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தேசூர்ப் பெண், பி.காம். படித்தவளாம்; பெயர் இளமதி என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தது. "ஹேவ் எ சீட் மேம்" என்றாள் என்னிடம். ஒரே ஒரு தடவை. எதிர்ச் சுவரில் பெரிய டிவி. அதில் அக்கா கைகூப்பிக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்தது. டொய்ங். மறுபடி முதலிலிருந்து.

டிவிக்குக் கீழே அக்கா நின்றிருந்தார். அந்தச் சிரிப்புச் சத்தத்தை அவர் முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. சோபாவிலிருந்த இரண்டு மூன்று பேர் டிவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர், "அவங்கதான்டா" என்று போனைத் தூக்கினார்.

சந்திரமோகன் வேகமாக வந்தார். "அக்கா, நீ உள்ள மடிக்கிற ரூம்ல இரு. இங்க நின்னா ஜனங்க உன்னைப் பாத்து சிரிச்சிகினே இருப்பாங்க. சரக்கு பாக்க மாட்டாங்க."

"முதல் நாற்காலி எனக்குன்னு சொன்னியே மோகனு."

"அதான் டிவில இருக்கியேக்கா. நாள் பூரா நீதானே வரவேற்கிற. இன்னா இப்போ?"

அக்கா ஜெயப்ரியாவைத் தேடினார். அவள் பூ மாலைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"சிரிப்பு சத்தம் யாரு போட்டது?"

"அத்தை, அது சும்மா ஜாலிக்கு…"

"ஜாலிக்கா? நான் இன்னா தப்பா சொல்லிட்டேன் அதுல? எதுக்குடி சிரிக்கிறாங்க?"

"தப்புன்னு இல்ல அத்தை. இங்கிலீஷ்ல ஒரு வாட்டி சொன்னா போதுமாம். நீங்க மூணு வாட்டி சொல்றீங்களா, அதான். எனக்கு எப்படித் தெரியும்? தீபாக்காதான் சொன்னாங்க. மாடியில உங்கள மாதிரியே நடிச்சிக் காட்டினாங்க. அத வச்சிதான் எடுத்தேன்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். நோட்டில் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்க வரும்போது எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் பார்த்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அக்கா, நான்…"

"ஒரு வாட்டி போதும்னு, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவை இழுப்பதா தள்ளுவதா என்று ஒரு நொடி தடுமாறி, தள்ளிக்கொண்டு வெளியே போனார். சந்திரமோகன் பின்னாலேயே, "அக்கா, நல்ல நாளும் அதுவுமா…" என்று வாசல்வரை போய் நின்றுவிட்டார். டிவியை யாரும் நிறுத்தவில்லை.

அதற்குப்பிறகு அவர் ஷோரூம் பக்கம் போகவில்லை. தம்பி இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை அனுப்பவில்லை. முன்அறையில் பழையபடி ஜமக்காளம் விரித்தாயிற்று. ஆனால் அலமாரியில் பாதிச் சரக்கு ஷோரூமுக்குப் போயிருந்தது.

அக்காவைப் பார்க்க நான் போவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. விசா வந்துவிட்டது. கிளம்புவதற்கு முன் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று காலையிலேயே போனேன். வந்தவாசியிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்து வாசற்படியில் நின்றிருந்தார்கள். அக்கா அவர்களை அழைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா."

"இருக்கட்டுங்க, பரவாயில்ல."

"அட, வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க."

"பஸ்ஸுக்குப் போவணுங்க…"

"பஸ்ஸு எங்க போயிடப் போவுது? இப்பிடி காத்தாட உக்காந்து ரெண்டு புடவையப் பாருங்க."

அவர்கள் உட்கார்ந்தார்கள். அக்கா முதல் புடவையைப் பிரித்து மகளின் மடியில் போட்டார். அதன்பின் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உக்காரு" என்றார்.

"இருக்கட்டும்க்கா" என்றேன். வாய் பழக்கம். எட்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியும் அது போகவில்லை.

அக்கா அலமாரி பக்கம் திரும்பி இன்னொரு புடவையை எடுத்தார். அதைப் பிரித்தார். பச்சை முந்தானையை அந்த அம்மாவிடம் காட்டினார். மூன்றாவதையும் எடுத்தார்.

நான் வாசற்படியிலேயே நின்றிருந்தேன். அந்த மகள் மடியிலிருந்த புடவையைக் கையால் தடவிக்கொண்டே ஒரு தடவை என்னை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவளும் குனிந்துகொண்டாள்.