பெட்டிக்குள் ஒரு மெதுவான பெட்டி

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அம்மா கம்ப்யூட்டருக்கு மாலை போட்டாள். அதோடு அப்பாவின் பேச்சு போயிற்று.

நாக்கு போனது அதற்கு இரண்டு வருடம் முன்பு. மில்லில் ஃபிட்டர் அவர். ஷிப்டின் நடுவே சாய்ந்தவரைத் தூக்கி வந்தார்கள். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, இடது பக்கமும் பெரும்பாலும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கையில் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. காது தெளிவு, கண் தெளிவு, புத்தி தெளிவோ தெளிவு. உள்ளே இருந்த மனிதர் அப்படியே இருந்தார். வெளியே வர வழி மட்டும் இல்லை.

என்னோடு படித்த நண்பன் ஒருவன் அந்த வழியைச் செய்து கொடுத்தான். கருப்புத் திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக நிற்கும். மஞ்சள் கட்டம் ஒன்று எழுத்து எழுத்தாகத் தாவிப் போகும். வேண்டிய எழுத்தின்மேல் கட்டம் வந்ததும் அப்பா ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும். ஒரு டாஸ் புரோகிராம், ஒரே ஃபிளாப்பியில் அடங்கும். எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் கட்டிலருகே வைத்தோம். அப்பா முதலில் எழுதியது: "ஃபேன் கத்துது. பேரிங் பாரு."

முப்பது வருடம் இயந்திரங்களின் சத்தத்தைக் கேட்டே நோய் சொன்னவர். படுத்த இடத்திலிருந்தும் அதைத்தான் முதலில் கேட்டிருக்கிறார். நாங்கள் அழுதோம். அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்: "அழுகாம பாரு."

அப்புறம் பேச்சுதான். அரை நாளில் இரண்டு மூன்று வாக்கியம். ஆனால் அவருடைய வாக்கியம், அவர் குறும்பு. "ரசத்துல உப்பத் தேடிட்டிருக்கறேன். கெடைச்சாச் சொல்றேன்." அம்மா படித்துவிட்டு, "ஆமா, படுத்துட்டே இந்த நொரநாட்டியத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்லீங்க" என்பாள். ஒரு வாக்கியத்துக்காக மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மஞ்சள் கட்டத்தைப் பார்த்திருந்த காலம் அது.

மில்லில் ஆயுத பூஜை என்றால் ஒவ்வொரு மெஷினுக்கும் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம், தண்ணீர் தெளித்த புது மாலை. போடுகிறவர் அப்பா. அம்மா அந்த முறையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சூடு எச்சு, ரொம்ப அதிகம் என்று கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியை நாங்கள் எப்போதும் கழற்றியே வைத்திருந்தோம். அந்தத் திறந்த வாயின்மேல் இரண்டு முழச் செவ்வந்தி மாலை, சொட்டச் சொட்ட. பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது. ஆக, அன்று முழுக்கக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது, அப்பாவுக்கு வாயில்லை. அவர் தொண்டையில் ஏதோ ஓசை எழுப்பிக்கொண்டே இருந்தார். நான் ஆபீசிலிருந்து வந்தபோது அம்மா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்: "பாரு அம்மணி, மாலையப் பாத்துப்போட்டு உங்கப்பாவுக்குச் சந்தோசம் தாங்கல."

அவர் கத்தியது என்னவென்று மறுநாள் காலை தெரிந்தது. அம்மாவே கற்பூரம் காட்டி, அம்மாவே சுவிட்சைப் போட்டாள். நீலமாய் ஒரு கீற்று. கருகல் நாற்றம். வீட்டின் ஃபியூஸ் போய் எல்லாம் நின்றது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

ஃபிளாப்பி பிழைத்தது. புத்தகங்களோடு பூஜையில் இருந்ததால் அதன் லேபிளில் மட்டும் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் அதைச் செருகினேன். கருப்புத் திரை வந்தது. எழுத்துகள் வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: பூஜ்யத்தால் வகுத்ததாகப் பிழை. மறுபடி போட்டேன். அதே வரி. பத்து முறை போட்டேன். பத்து முறையும் பூஜ்யம்.

பீளமேட்டில் ஒரு கல்லூரி ஆபீசில் குமாஸ்தா வேலை எனக்கு. அங்கே கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாக இருந்தவர் கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவர்தான் பார்த்துச் சொன்னார். "இது பழைய பெட்டிக்குத் தெச்ச சட்டைங்க மேடம். ஆரம்பிக்கறப்பவே மெஷின் என்ன வேகம்னு அளந்து பாக்குது. புதுப் பெட்டி ஓடற ஓட்டம் அது கணக்குக்குள்ள அடங்கறதில்லைங்க. மயக்கம் போட்டு உழுந்துருது."

எழுதிய நண்பனோ அமெரிக்கா போய், அங்கே இரண்டு கம்பெனி மாறி, முகவரி இல்லாமல் கரைந்திருந்தான். என் ஈமெயில்கள் திரும்பி வந்தன. புதிதாக எழுதித் தரச் சொல்லி அலைந்தேன். "தமிழுங்களா? ஆறு மாசம் ஆகுமுங்க." பழைய பெட்டி தேடினேன். ஒன்று உயிரில்லாமலே வந்தது, இன்னொன்று மூன்றாம் நாள் செத்தது.

ஆறு மாசம். அந்த விரல் ஆறு மாசம் காத்திருக்குமா? வேலையில்லாமல் கிடந்த கட்டைவிரல் வாரத்துக்கு வாரம் சோர்ந்துகொண்டிருந்தது. முன்பு என் உள்ளங்கையில் வைத்தால் அழுத்துவார். இப்போது தொடுவதாக மட்டுமே தெரிந்தது. அட்டையில் எழுத்தெழுதிக் காட்டிப் பார்த்தோம். இரண்டாவது எழுத்துக்குள் அம்மா முந்திக்கொள்வாள்: "தண்ணியுங்களா? தலகாணியுங்களா?" நானும்தான் முந்தினேன். மூன்றாம் நாள் அவர் அட்டையைப் பார்க்க மறுத்துவிட்டார். அடுத்தவர் முடித்துவைக்கும் வாக்கியம் அவருக்கு வேண்டாம்.

அப்போதுதான் லேப்காரர் சொன்னார்: "கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓடறாப்புல சாப்ட்வேர் வந்திருக்குதுங்க. மாமியார் ஊட்டுக்குள்ளயே தனிக்குடித்தனம் மாதிரி. உள்ள இருக்கறவங்களுக்கு வெளிய நடக்கறது தெரியாது." ஒரு தாளில் இரண்டு பெயர் எழுதினார். ஒன்று அந்த வருடம்தான் வெளிவந்தது, ஒரு கம்பெனியுடையது, முப்பது நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். மற்றது யாரோ ஒரு தனி மனிதர் எழுதியது. இரண்டாவதை எழுதிய கையோடு அவரே அடித்துவிட்டார். "இது வேண்டாமுங்க. முதல்ல சொன்னது இந்தப் பெட்டியோட சிப்பையே நேராப் புடிச்சு ஓடுது, குதிரைங்க. இது ஒவ்வொரு கட்டளையவும் தானே படிச்சு, தானே செஞ்சு, தண்ணிக்குள்ள நடக்கற எருமையாட்ட. உக்காந்து பாக்கறதுக்குள்ள பொழுது போயிரும்."

குதிரையைத் தேர்ந்தெடுத்தேன். யார்தான் எருமையைத் தேர்ந்தெடுப்பார்கள்?

அது கேட்ட மெமரி எங்கள் பெட்டியில் இல்லை. லேப் மெஷினிலிருந்து ஒரு குச்சியைக் கழற்றி என் டிபன் பையில் போட்டார். "ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க." கல்லூரி டெலிபோன் லைனில் ஒரு சாயங்காலம் முழுக்க அந்தச் சாப்ட்வேர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பிறகு ஃபிளாப்பி ஃபிளாப்பியாகப் பிரித்து எடுத்துப்போனேன். ஏழாவது ஃபிளாப்பியை வீட்டுக் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. மறுபடி கல்லூரி, மறுபடி பஸ், மறுபடி ஏழாவது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா அப்பாவை முட்டுக்கொடுத்து உட்கார்த்தித் தலை சீவிவிட்டிருந்தாள். திரையில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டர் விழித்து, தன் மெமரியைத் தானே எண்ணிக்கொண்டு, ஒரு பீப் ஒலி கொடுத்தது. அப்பாவின் கண் அகன்றது. இல்லாத இரும்பில் ஓடும் இயந்திரம். முப்பது வருட ஃபிட்டருக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஃபிளாப்பியைப் போட்டேன்.

பூஜ்யத்தால் வகுத்ததாகப் பிழை.

உள்ளே இருப்பதும் இதே சிப்பு, இதே ஓட்டம். குதிரைக்குள் இன்னொரு குதிரை. இது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான்கு நாள் அதன் ஒவ்வொரு அமைப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். திறக்கும்போதெல்லாம் அது இன்னும் இத்தனை நாள் என்று மீதி சொல்லும். யாருக்குச் சொல்கிறாய்? உனக்கா, எனக்கா, அந்த விரலுக்கா?

நான்காம் நாள் அம்மா சமையலறை வாசலில் நின்று, "நாந்தேன் கண்ணு, நாந்தேன் அவரு வாய அடச்சுப்போட்டேன்" என்றாள். இல்லை அம்மா என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஒரு சொல்தானே. "ஆமா, நீதான்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல். கட்டிலில் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தொண்டையிலிருந்து அந்தப் பூஜை நாள் ஓசை வந்தது. அன்று முதல் அம்மா வீட்டுக்குள் பூ வரவிடவில்லை. தலைக்கும் இல்லை, சாமி படத்துக்கும் இல்லை. பூக்காரி வாசலில், "ஏனுங்க்கா, பூ வேண்டாமுங்களா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள்.

எருமையை நான் அறிவால் தேர்ந்தெடுத்தேன் என்று எழுத ஆசைதான். பொய். தாளில் வேறு பெயர் மிச்சமில்லை. அடித்த கோட்டுக்குள் இருந்த எழுத்தைப் பார்த்துப் படித்துக் கேட்டபோது லேப்காரர் சிரித்தார். "சும்மாவாச்சும் போட்டுப் பாருங்க. போறது என்ன?"

போட்டேன். ஜன்னலுக்குள் கருப்பு. வெகு நேரம் கருப்பு. அம்மா உலை வைத்து அரிசி போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் முதல் வரி வந்திருந்தது. சோறு வடித்துவிட்டு வந்தாள், டாஸ் வந்திருந்தது. சந்தனப் பொட்டு வைத்த ஃபிளாப்பியைச் செருகினேன். டிரைவ் முனகியது. அந்தப் பிழை வரிக்காகக் காத்திருந்தேன். அது வந்தால் அடுத்துச் செய்ய என்னிடம் ஒன்றுமே இல்லை. உண்மையாகவே ஒன்றுமில்லை.

பிழை வரவில்லை. ஒரு எழுத்து வந்தது. பக்கத்தில் இன்னொன்று. யாரோ வாசலில் பொறுமையாகக் கோலம் இழுப்பதுபோல் ஒவ்வொன்றாக வரிசை நிறைந்தது. அந்தக் கிழட்டு வேகம் புரோகிராமின் கணக்குக்குள் அடங்கியிருந்தது. மஞ்சள் கட்டம் முதல் எழுத்தில் வந்து நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு நகர்ந்தது.

அப்பாவின் விரலை ஸ்பேஸ் பாரில் எடுத்துவைத்தேன். கட்டம் வேண்டிய எழுத்துக்கு வந்தது தெரிந்தது, ஏனென்றால் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. விரல் அசையத் தொடங்கியது. பாதி வழியில் நின்றது. மறுபடி தொடங்கியது. பழைய கம்ப்யூட்டராக இருந்திருந்தால் கட்டம் மூன்று எழுத்து தாண்டிப் போயிருக்கும். இது போகவில்லை. விரல் வந்து சேரும்வரை அங்கேயே நின்றது. பழைய பெட்டியே உயிரோடு திரும்பி வந்திருந்தாலும் அன்று அப்பாவால் அதில் ஒரு எழுத்துகூடப் பிடித்திருக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அம்மா எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிப்பவள். "பூ" என்றாள்.

அதற்குமேல் படிக்கவில்லை. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பூவுக்குப் பிறகு என்ன வரப்போகிறதென்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். திட்டட்டும், திட்ட அவருக்கு உரிமை உண்டு. இந்த முறை நாங்கள் முந்தவில்லை. மத்தியான ஷிப்டுக்கு மில் சங்கு ஊதியது. பக்கத்துப் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளின் இரைச்சல் தெருவில் போய் அடங்கியது. நான் ஒரு முறை எழுந்து அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தேன், அவ்வளவுதான்.

"பூ நல்லாத்தான் இருந்துச்சு."

அம்மா திரையருகே போய் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். அப்புறம் கட்டிலோரம் உட்கார்ந்து, "அன்னைக்கு ஈரம்னுதானுங்க கத்துனீங்க? நான் பாவி சிரிச்சுட்டு நின்னனே" என்றாள். அப்பா அவளைப் பார்த்தார். கட்டம் மறுபடி முதல் எழுத்திலிருந்து புறப்பட்டிருந்தது. "வேண்டாமுங்க, போதும், கை நோகும்" என்று விரலை எடுக்கப் போனாள். அவர் விடவில்லை.

அந்தப் பெட்டிக்குள் பெட்டியில் அப்பா பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு நோட்டுப் பக்கம்கூட நிறையாது. விரல் தை வரைக்கும்தான் தாங்கியது. இரண்டாவது வரி மறுநாள் சாயங்காலம் முடிந்தது. அம்மா அதைப் படித்துவிட்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத முகத்தோடு செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள். தெருமுனை தாண்டிப் போய்க்கொண்டிருந்த பூக்காரியைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

திரையில் இருந்தது: "ஈரந்தான் எச்சு."