பெண் பார்க்க வந்தவர் கொண்டுவந்த கல்

என் அப்பா கல்லைக் காதால் பார்ப்பவர். பென்னாகரம் பக்கத்துக் கருங்கல் குவாரியில் மேஸ்திரி. சுத்தியலால் ஒரு தட்டு. கணீரென்று சத்தம் வந்தால் நல்ல கல், வராவிட்டால் ஓரமாகத் தள்ளு. மனிதர்கள் விஷயத்திலும் அதே அவசரம்தான். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு பேரை, பேசின தோரணையை வைத்தே கழித்துக் கட்டிவிட்டார். எண்பதுகளின் நடுவில் இருபத்து நான்கு வயதுப் பெண் வீட்டில் இருந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

மூன்றாவதாக வந்தவர் நிலவியல் படித்தவர். தஞ்சாவூர்ப் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் வேலை. அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், அம்மா வைத்த கேசரியைத் தொடாமல், சுவரோரம் சாய்த்திருந்த கருங்கல் பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் அதைப் பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பொய் சொல்வானேன்.

"தம்பிக்கு அங்க என்ன வேலைங்க?" என்று அப்பா கேட்டார்.

"பாறையப் பாக்கறதுங்க. தோண்டறப்ப மேல வர்ற கல்லுத்தூளப் பாத்து, எண்ணெய் நிக்கற பாறையா இல்லையான்னு சொல்லணும்."

அப்பா முகம் மலர்ந்தது. அப்படிப்பட்ட கல் எப்படி இருக்கும், பார்க்க வேண்டுமே என்றார். வந்தவர் பைக்குள் கைவிட்டு, அரியலூர் ஓடையில் பொறுக்கியதாம், ஒரு கல்லை எடுத்து நீட்டினார். மங்கிய மஞ்சள் நிறம், மேலெல்லாம் சிப்பி. அப்பா வழக்கம்போல் சுத்தியலை எடுத்தார். ஒரே தட்டு. பொத்தென்று சத்தம் வந்தது. கல் இரண்டாகப் பிளந்து விழுந்தது.

"செத்த கல்லு தம்பி இது. ஆட்டுக்கல்லுக்குக்கூட ஆவாது. இத நம்பி என் பொண்ண எப்படிக் குடுக்கறது?"

வந்தவரின் அம்மா எழுந்தே விட்டார். "பொண்ணு பாக்க வந்த எடத்துல ஒடையுதே. சகுனம் சரியில்லீங்க. கெளம்பறோம்."

மூன்றாவதும் போச்சு என்று உள்ளே எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வந்தவரோ தரையில் மண்டியிட்டிருந்தார்.

"ஐயோ, இங்க பாருங்க!"

பிளந்த இடத்தில் சுருள் சுருளாக ஒரு சங்கு, முழுசாக. சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "அரியலூர்ல கடல் இருந்தப்ப செத்ததுங்க. கோடிக்கணக்கான வருசம் கழிச்சு மொத மொதல்ல பாக்கறது நாமதான்."

அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். "எங்க கல்லுல ஒரு எறும்புகூட நான் கண்டதில்லையே?"

"உங்க கல்லு நெருப்புக் கொழம்பு ஆறி இறுகினதுங்க. அதுல எது பொழைக்கும்? இது கடலடியில மணலும் சிப்பியும் படிஞ்சு படிஞ்சு ஆனது. உள்ள பூரா பொடி ஓட்டை."

டம்ளர் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினார். ரஸ்க் டீயைக் குடிப்பதுபோல் கல் அதைக் குடித்தது.

"எண்ணெய் கீழ ஏரியாட்டம் தேங்கி நிக்கறதில்லீங்க. இந்த மாதிரிக் கல்லுக்குள்ளதான் நிக்குது. கணீர்ங்கற கல்லுன்னா ஒரு சொட்டு உள்ள போவாது."

அப்பா நம்பாமல் தானும் ஒரு டம்ளர் ஊற்றினார். அப்புறம் சொம்பையே கவிழ்த்தார். தரையெல்லாம் ஈரம். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். வந்தவரின் அம்மா கைப்பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்க வந்தார்கள் என்பதே அப்பாவுக்கும் வந்தவருக்கும் நினைவில்லை. காபி உள்ளே ஆறிக்கொண்டிருந்தது.

பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. காபித் தட்டு இல்லாமல் வெறுங்கையோடு முன்னறையில் போய் நின்றேன்.

"எனக்குச் சம்மதம்ப்பா. யாராச்சும் என்னையக் கேக்கறீங்களா?"

வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. அப்பா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"கொஞ்சம் இரும்மா. மாப்ள ஏதோ சொல்லிட்டிருக்காரு."