பெரிய கார், சின்ன கார், நடுவில் நான்

கல்யாணக் கார் ஓட்டுகிறவன் தாலி கட்டுகிற வரைக்கும்தான் ராஜா. அப்புறம் அவனைச் சாப்பிடக் கூப்பிடக்கூட ஆள் இருக்காது. பழைய வண்டி வைத்துக்கொண்டு அல்லாடும் அன்பர்களே, உங்களுக்குப் புரியும்.

புத்தூரில் என்னிடம் இரண்டு இருந்தன. எட்டு சிலிண்டர் இம்பாலா ஒன்று. திருப்பினால் தெருவே அடைத்துக்கொள்ளும். இன்னொன்று ஹெரால்டு, இம்பாலாவின் டிக்கியிலேயே பாதி அடங்கிவிடும். ஊரெல்லாம் மாருதி வந்து சவாரி குறைந்த வருஷங்கள் அவை. "ரெண்டையும் கட்டிக்கினு அழ முடியாது, ஒண்ணத் தொலைச்சுடு" என்றாள் என் மனைவி சரோஜா. சின்னதை விற்பதென்று முடிவாகி, ஆளும் பார்த்தாயிற்று.

மேட்டில் அத்தைகள்

சந்திரகிரிப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தம். ஹெரால்டில் நான்கு அத்தைகள். நால்வரும் நல்ல சாப்பாட்டுக்காரர்கள். மேட்டில் வண்டி முக்கி முனகி நின்றே போனது. இறங்கினார்கள், புடவையைச் சரிசெய்தார்கள், பேசிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார்கள். பாரம் இறங்கியதும் வண்டி கிளம்பியது; நான் மெல்ல உருட்டிப் பக்கத்தில் போனதும் மூத்தவர் சொன்னார்: "நீ நிதானமா வா நாயனா, நாங்க முன்னால போய் உனக்குக் காபி போட்டு வைக்கிறோம்."

யாரைப் படம் எடுப்பது?

சித்தூரில் இம்பாலா முன்னால் மாப்பிள்ளையை நிறுத்தினார்கள். போட்டோக்காரர் பின்னால் போய்ப் போய்ச் சாக்கடை ஓரத்துக்கே வந்துவிட்டார். முழுக் காரும் விழுந்தால் மாப்பிள்ளை கடுகாகத் தெரிகிறார். மாப்பிள்ளை தெரிந்தால் கார் பாதி போகிறது. எதை எடுக்க என்று கேட்டார். மாமனார் யோசிக்கவே இல்லை: "காரு சாயந்திரம் போயிடும். மாப்பிள்ளை நம்மகூடத்தானே இருக்கப்போறாரு. காரையே எடுப்பா!"

நகரியில் நின்ற முகூர்த்தம்

பெண் வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை பெங்களூர்க் கம்பெனியில் வேலை. பெரிய கார்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவர். தெருமுனையில் இம்பாலாவைத் திருப்பியதுமே பிரேக்கை மிதித்தேன். தறிக்குப் போகிற நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக்கட்டிக் கஞ்சி போட்டிருந்தார்கள். பாவு என்பார்கள். காய்வதற்குள் கை வைத்தால் அத்தனை நூலும் பாழ். "அவுக்க முடியாதுண்ணா" என்று நெசவாளி கும்பிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முகூர்த்தமோ முடியப்போகிறது, எங்களைக் காணாமல் பெண்ணின் அப்பா வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடிக்கொண்டிருப்பதாக ஆள் வந்து சொன்னான்.

பின்னால் சீர்த்தட்டுகளோடு ஹெரால்டை என் கூலி டிரைவர் ஓட்டி வந்தான். மாப்பிள்ளையை அதில் திணித்தேன். மடியில் பழத்தட்டு, தலைப்பாகை கூரையில் இடிக்க, பாவுக்கும் சுவருக்கும் நடுவே ஊர்ந்து முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். சத்தியமாக எனக்கு அழுகையே வந்துவிட்டது. கெட்டிமேளம் ஓய்ந்ததும், பெண் மாப்பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது: "மொதல்லயே இதுல வந்திருந்தா எங்க நைனா இப்படி வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடிக்கினு இருந்திருக்க மாட்டாரு."

வீட்டில்

மறுநாள் ஹெரால்டை வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். "அப்போ பெரிசு?" என்றாள் சரோஜா. அதற்கும் மனசு வரவில்லை என்றேன். அவள் கத்தவில்லை, பாயை எடுத்துக் கையில் கொடுத்தாள்: "அதுங்க ரெண்டும் ஷெட்டுல இருக்கட்டும், நீ வாசல்ல படுத்துக்கோ."

பெரியது மாமனார்களின் மானத்தைக் காப்பாற்றுகிறது, சின்னது முகூர்த்தத்தைக் காப்பாற்றுகிறது, சரோஜாவிடமிருந்து என்னைக் காப்பாற்றத்தான் இரண்டுக்கும் துப்பில்லை.